காற்றில் கரைந்ததும் தட்டில் நின்றதும்

தமிழில் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. செவிவழி பெறும் அறிவும் கேள்வி. ஐயத்தால் எழுப்பும் வினாவும் கேள்வி. வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரத்துக்கே அப்பெயரைச் சூட்டினார். அரபு மொழியோ இவ்விடத்தில் வேறு வழியிற் செல்கிறது. காதில் வந்து விழுவது ‘ஸம்உ’. நாடிச் சென்று செவி கொடுப்பது ‘இஸ்திமாஉ’. வாயடக்கி மௌனமாய்க் கேட்பது ‘இன்ஸாத்’. மதரஸாவில் ஸர்ஃப் ஓதிய காலத்தில் இவற்றை வினைச்சொல் வாய்பாடுகளாக மனனம் செய்தோமே அன்றி, இவை கேட்கும் மனிதனின் மூன்று நிலைகள் என்பது எமக்கு உறைக்கவில்லை. பின்னாளில் அதை உறைக்கச் செய்தவர் எம் உஸ்தாதுமார்களில் ஒருவர் அல்லர், எம் தாய்மாமா.

அவர் 1971ஆம் ஆண்டில் பிழைப்புத் தேடி இலண்டன் சென்றவர். முப்பதாண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்துவிட்டு ஊர் திரும்பியபோது, வீட்டார் எதிர்பார்த்த பெட்டிகளோடு எவரும் எதிர்பாராத பெட்டிகளும் வந்து இறங்கின. அவற்றுள் இருந்தவை இசைத்தட்டுகள், நானூறுக்குக் குறையாது. திரைப்பாடல் ஒன்றுகூட இல்லை. ஒரு பகுதி மேலைச் செவ்விசை. ஒரு பகுதி அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ். மற்றொரு பகுதி, முதன்முறை கேட்பவர் கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணக்கூடிய இசை. ஜாஸில் ஒரு மெட்டை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதன்மேல் வாசிப்பவர் அப்போதே தம் மனத்திலிருந்து புனைந்து செல்வார். இந்த மூன்றாம் வகையிலோ அந்த மெட்டும் இராது, தாளமும் இராது, முன்பேச்சும் இராது. 1960களில் இலண்டன், ஷெஃபீல்டு, ஆம்ஸ்டர்டாம், பெர்லின் முதலிய நகரங்களில் வளர்ந்த கலை இது. ஆசுகவி என்றும் ‘இர்திஜால்’ என்றும் கவிதையில் நாம் அறிந்திருப்பதை, யாப்பையும் கழற்றிவிட்டுச் செய்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம். இதனைக் கட்டற்ற உடன்புனைவு என்று இங்கே குறிப்போம்.

ஒரு நாள் மாமா எம்மிடம் கேட்டார்: “மருமகனே, நீ கிதாபு ஓதியவன். இதற்கு ஒரு பதில் சொல். ஒரு மனிதர் ஒரே ஒரு முறை, ஓர் இரவில், போகட்டும் என்று வாசித்துவிட்டுப் போனார். அதை நான் நூறு முறை கேட்டுவிட்டேன். என்னிடம் இருப்பது அமானிதமா, அபகரிப்பா?”

நாம் அன்று அவசரப்பட்டோம். “மாமா, மதுக்கூடங்களில் பிறந்த இசைக்கு அமானிதம் என்ற பெரிய சொல் எதற்கு?” என்று சொல்லிவிட்டோம். அவர் கோபிக்கவில்லை. ஒரு தட்டை எடுத்து அதன் உறையிலிருந்த பெயரைக் காட்டினார்: யூசுஃப் லத்தீஃப். 1920இல் பிறந்து 2013இல் மறைந்த இக்கலைஞர், மது பரிமாறும் இடங்களில் வாசிப்பதில்லை என்று பின்னாளில் முடிவெடுத்தவர்; ஜாஸ் என்ற பெயரையே தம் இசைக்கு ஏற்க மறுத்தவர். அடுத்து அஹ்மத் ஜமால். பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய பியானோ வித்தகர். 1958இல் சிகாகோ விடுதியொன்றில் பதிவான இவருடைய தட்டு ஈராண்டுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நின்றது. “இவர் வாசிக்காமல் விடும் இடங்களைக் கேள்” என்றார் மாமா. பிறந்த இடத்தைக் காட்டி ஒன்றைத் தள்ளிவிடுவது எளிது. கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதிலாகாது என்பதை அன்று வெட்கத்தோடு உணர்ந்தோம்.

மாமா குறிப்பிட்ட மனிதர் எரிக் டால்ஃபி. அவர் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாக்சபோன், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட் ஆகிய மூன்றையும் ஒரே ஆளுமையோடு கையாண்ட அமெரிக்கர். 1964 ஏப்ரலில் சார்லஸ் மிங்கஸ் குழுவோடு ஐரோப்பா சென்றவர், குழு திரும்பிய பின்னும் அங்கேயே தங்கினார். அவ்வாண்டு ஜூன் 2ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ஹில்வர்சம் நகரில், அந்நாட்டுக் கலைஞர்கள் மூவருடன் வாசித்தார். அவர்களுள் மீஷா மெங்கல்பெர்க், ஹான் பெனிங்க் என்னும் இருவர் பின்னாளில் கட்டற்ற உடன்புனைவுக்குத் தூண்களாக விளங்கியவர்கள். அதே மாதம் 29ஆம் நாள், கண்டறியப்படாத நீரிழிவு முற்றி, பெர்லின் நகரில் டால்ஃபி இறந்தார். வயது 36. ஹில்வர்சம் பதிவு ‘கடைசி நாள்’ என்னும் பொருள்படும் பெயரோடு தட்டாக வெளிவந்தது. உண்மையில் அது கடைசி அன்று. அதன் பிறகு பாரிசில் அவர் வாசித்த பதிவும் உண்டு. வணிகர்கள் தலைப்பிடும்போது மரணத்தையும் விட்டுவைப்பதில்லை.

அத்தட்டின் முடிவில், இசை ஓய்ந்த பின் டால்ஃபியின் குரல் சில விநாடிகள் ஒலிக்கும். இசை முடிந்ததும் அது காற்றில் போய்விடுகிறது. அதை மறுபடி ஒருபோதும் பிடிக்க முடியாது என்பது அவர் கூற்றின் கருத்து. வேறொரு நாள் வானொலிப் பேட்டியில் பேசியதை வெட்டி எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். பிடிக்க முடியாது என்று சொன்னவரின் குரலையே பிடித்து, அவர் இறந்த பிறகு, விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். இதைத்தான் மாமா நூறு முறை கேட்டிருக்கிறார்; முள் அந்த இடத்தை அடையும் ஒவ்வொரு முறையும் தமக்குக் குற்றவுணர்வு எழுவதாகச் சொன்னார்.

இசைக்கருவிகள் பற்றி மார்க்கச் சட்ட மேதைகளிடையே உள்ள கருத்து வேறுபாடு வாசகர்கள் அறிந்ததே. ‘ஸமாஃ’ பற்றி இஹ்யாவு உலூமித்தீனில் ஒரு முழுப் பகுதியே எழுதி, அதற்கு இடமளித்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், குடிகாரர் கூட்டத்துக்கு அடையாளமாகிவிட்ட நரம்புக் கருவிகளையும் குழல்களையும் விலக்கியே வைத்தார்கள். அந்த விவாதத்தை இங்கு நாம் தீர்க்கப் போவதில்லை. எமக்கு வேண்டியது, கேட்பதைப் பற்றி அவ்வேட்டில் உள்ள நுட்பம். ஸமாஃவுக்கு மூன்று வேண்டும் என்று ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் கூறியதாக இமாம் அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்: உரிய காலம், உரிய இடம், உரிய தோழர்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கேட்பது கூடாது என்பது அதன் கருத்து.

இந்த இடத்தை ஓதும்போது, தொடர்பே இல்லாத மற்றொரு மனிதரின் எழுத்து எம் நினைவுக்கு வந்தது. மாமாவின் அலமாரியில் கண்டது அது. கார்னிலியஸ் கார்டியூ என்னும் ஆங்கிலேய இசைஞர் 1971இல் வெளியான கட்டுரையொன்றில் உடன்புனைவுக்கு ஓர் அறநெறியை வகுக்க முயன்றார். 1965இல் இலண்டனில் தோன்றிய ஏ.எம்.எம். என்ற கட்டற்ற இசைக் குழுவில் வாசித்தவர் அவர். உடன்புனைவின் ஒலிப்பதிவுகள் உள்ளீடற்றவை என்பது அவர் துணிபு. ஒலியின் வடிவத்தை நாடா கொண்டுவருமாம்; அந்த ஒலி எந்த நேரத்தில், எந்த அறையில், எதற்கு விடையாக எழுந்ததோ அதைக் கொண்டுவராதாம். காலமும் இடமும்! ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதின் சூஃபிக்கும் இருபதாம் நூற்றாண்டு இலண்டனின் இசைஞருக்கும் இடையே எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்திருக்க முடியாது. கார்டியூ பின்னாளில் மாவோவின் பொதுவுடைமைப் பாதைக்குச் சென்று, தம் பழைய இசையையே கண்டித்தவர். ஆனால் அந்தப் பழைய கட்டுரையில் வாசிப்பவனுக்கு வேண்டிய ஏழு பண்புகளை வரிசைப்படுத்துகிறார். எளிமை, நேர்மை, தன்னலமின்மை, பொறுமை என்று தொடங்கும் அந்த வரிசை, மரணத்தை ஏற்றுக்கொள்ளுதல் என்பதில் முடிகிறது. பிறக்கும் நொடியிலேயே இறக்கும் கலையைச் செய்பவன் அந்த இறப்புக்கு உடன்பட்டவனாய் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தஸவ்வுஃப் ஏடு ஒன்றில் கண்டால் நாம் வியக்கமாட்டோம். 1981 டிசம்பரில் கிழக்கு இலண்டன் தெருவில் மோதிவிட்டு நிற்காமற் சென்ற வண்டியால் அவர் உயிர் போயிற்று. வயது 45.

கார்டியூ சொன்னது சரியென்றால் மாமாவின் பெட்டிகளில் இருப்பது வெறும் உமி. அபகரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, எடுக்கத்தக்க பொருளே அங்கில்லை. ஆனால் ஏ.எம்.எம். குழுவே 1966இல் பதிந்த இசையைத் தட்டாக வெளியிட்டது. கிதார் கலைஞர் டெரிக் பெய்லியும் அப்படியே. தட்டுகளைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஐயத்தோடு பேசிய அவர்தாம், 1970இல் நண்பர்களோடு சேர்ந்து இன்கஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். 1977 முதல் 1994 வரை இலண்டனில் அவர் நடத்திய ‘கம்பெனி வாரம்’ என்ற கூடுகைகளுக்கு மாமா சென்றிருக்கிறார். சில இரவுகளில் வாசிப்பவர்களின் எண்ணிக்கை கேட்பவர்களின் எண்ணிக்கையை நெருங்கிவிடுமாம். தட்டு இல்லையெனில் அந்தச் சிறு அறைக்கு வெளியே ஒருவருக்கும் அவர்கள் இருப்பே தெரிந்திராது. சொல்லும் செயலும் முரண்படுவதாக இவர்களைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. கல்வி ஏட்டில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது என்று சொன்ன உஸ்தாதுமார்களும் எமக்கு ஏட்டைக் கொடுத்துத்தானே சொன்னார்கள்!

மாமாவிடம் ஒரு நாள் ஜுனைது (ரஹ்) அவர்களின் மூன்று நிபந்தனைகளை எடுத்துச் சொன்னோம். அவர் பதில் பேசாமல் வேறொரு தட்டை வைத்தார். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ‘வில்லேஜ் வேன்கார்டு’ என்னும் நிலவறை விடுதி. பியானோவில் பில் எவன்ஸ், பாஸ் கருவியில் ஸ்காட் லஃபேரோ, தாளத்தில் பால் மோஷன். மூவரும் ஒருவர் மூச்சை மற்றவர் வாங்கி விடுவது போல் வாசிக்கிறார்கள். கூர்ந்து கேட்டால், அதனூடே கண்ணாடிக் கோப்பைகள் மோதும் ஒலியும், யாரோ பேசும் ஒலியும், சிரிப்பும் கேட்கின்றன. பதினொரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் நாள், லஃபேரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. இந்த மூவரும் இணைந்து வாசித்த இசை அதோடு முற்றுப்பெற்றது.

மாமா கேட்டார்: “அந்தச் சிரிப்புக்காரருக்குக் காலம் இருந்தது, இடம் இருந்தது, பக்கத்தில் ஆளும் இருந்தது. அவர் கேட்டாரா? நான் கேட்டேனா?”

எம் எண்ணத்தைத் திருப்பியது இக்கேள்விதான். அறையில் இருந்தவருக்கு வாய்த்தது ‘ஸம்உ’. நாற்பதாண்டுக்குப் பின் கடற்கரையூர் ஒன்றில் வாசற்கதவைச் சாத்திவிட்டு அமர்ந்தவருக்கு வாய்த்தது ‘இன்ஸாத்’. அப்படியானால் இடமும் காலமும் பதிவில் தொலைந்துபோயின என்ற கார்டியூவின் வழக்கு பாதிதான் நிற்கிறது. தொலைந்தது உண்மை, ஆனால் அங்கே இருந்தவர் எல்லோரும் அதைப் பெற்றார் என்பது உண்மையன்று. அந்தச் சிரிப்பும் தட்டில் பதிவாகி, அன்றைய அசட்டைக்குச் சாட்சியாகிவிட்டது. ஜுனைது (ரஹ்) அவர்கள் இடத்தையும் காலத்தையும் கேட்டது, உள்ளம் சிதறாதிருக்கவே என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். உள்ளம் ஒன்றிய இடமே அதற்குரிய இடம். இவ்விளக்கத்தில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக.

ஆயினும் நூறு முறை கேட்பதில் வேறொரு கேடு இருக்கிறது. முதன்முறை கேட்பது உள்ளத்தை உலுக்கும். இரண்டாம் முறை அதன் வேகம் தளரும். மூன்றாம் முறை ஏறத்தாழ விழுந்துவிடும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதே பகுதியில் கூறும் உளநூல் உண்மை. மாமா இதை ஒப்புக்கொண்டார். தாம் கேட்கக் கேட்க டால்ஃபியின் இசை மாறாமல், தாமே மாறி, அடுத்து எந்தச் சுரம் வரும் என்று எதிர்பார்க்கும் கணக்கராகிவிட்டதாகச் சொன்னார். வாசித்தவருக்கே தெரிந்திராத அடுத்த சுரம் கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது! திடீரெனப் பிறந்ததை மனப்பாடச் செய்யுளாக்கிவிடுவதில் ஏதோ ஒரு துரோகம் உண்டென்றே எமக்கும் தோன்றுகிறது. கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24ஆம் நாள் கொலோன் நகரில், கோளாறான பியானோ ஒன்றில், முன்னேற்பாடு ஏதுமின்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். அது பல இலட்சம் தட்டுகளாக விற்றது. பின்னர் அந்த வாசிப்பை அப்படியே சுரக்குறிப்பாக எழுதி நூலாக்கவும் செய்தார்கள். அவர் தயங்கித் தயங்கித்தான் இசைந்தார். அந்நூலைப் பார்த்து வாசிக்கும் மாணவன் அன்றிரவு நிகழ்ந்ததற்கு நேர் எதிரானதைச் செய்கிறான்.

பழக்கம் எவ்வளவு தூரம் ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு மாமா தம்மையே சாட்சியாக்கினார். மைல்ஸ் டேவிஸின் மிகப் புகழ்பெற்ற தட்டு 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் நியூயார்க்கின் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாயிருந்த கட்டடத்தில் பதிவாயிற்று. முதல் நாள் பதிவு செய்த நாடாக்கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டின் முதற்பக்கத்து மூன்று பாட்டுகளும் வாசித்த சுருதியைவிடச் சிறிது உயர்ந்தே உலகெங்கும் ஒலித்தன. 1992இல்தான் வேறொரு நாடாவைக் கொண்டு அது திருத்தப்பட்டது. திருத்திய பதிவைக் கேட்டபோது மாமாவுக்கு அது பிழையாகத் தோன்றியதாம்! முப்பதாண்டுகளாக உலகத்தார் நேசித்தது கருவியின் பிழையையும் சேர்த்துத்தான். இதைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் சிரித்தார். நமக்கும் கல்வித்துறையில் இத்தகைய பிழைகள் உண்டு. எவை என்று சொன்னால் நண்பர்கள் சிலரை இழப்போம்.

அதே 30ஆம் தெருக் கட்டடத்தில்தான் கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்டு, யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ‘கோல்டுபெர்க்’ மாற்றுருக்களை 1955இல் பதிந்தார். 1964இல் மேடையை ஒரேயடியாகத் துறந்தவர் அவர். பதிவறையே தமக்கு மெய்யான இசைக்கூடம் என்றார். நாடாவை வெட்டி ஒட்டுவதைக் குற்றமாகக் கருதவில்லை. அதே இசையை 1981இல் அதே கட்டடத்தில் மறுபடி பதிந்தார். முதலாவது ஏறத்தாழ 38 நிமிடம். இரண்டாவது 51 நிமிடம். அடுத்த ஆண்டு அக்டோபரில் 50 வயதில் மறைந்தார். இவர் பதிவுகளைக் கேட்பதில் எந்த ஐயமும் இல்லை. தெரிந்தே, விரும்பியே நம் கையில் ஒப்படைத்தார், தெளிவான அமானிதம்.

நேர் எதிர் எல்லையில் நிற்பவர் ருமேனியாவில் பிறந்த இசை நடத்துநர் செர்ஜியு செலிபிடாக்கே. மியூனிக் நகரின் பேரிசைக் குழுவை 1979 முதல் 1996இல் இறக்கும் வரை நடத்தியவர். வணிகத் தட்டுகளுக்காகப் பதிவறைக்குள் செல்ல மறுத்தவர். கூடத்தில் எழும் ஒலியின் எதிரொலிகளைக் கேட்டே இசையின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும், அது தட்டில் வராது என்பது அவர் வாதம். அவர் இறந்த பின், வானொலிக்காக எடுத்த நாடாக்களிலிருந்து தட்டுகள் வெளிவரக் குடும்பத்தார் அனுமதி தந்தனர். அனுமதியற்ற மோசமான பதிவுகள் ஏற்கனவே புழங்கின என்பது சொல்லப்பட்ட காரணம். மாமாவிடம் அவற்றுள் பதினொன்று இருந்தன.

ஃபிக்ஹு நூல்களில் மூன்று வகைப் பொருள்களுக்கு மூன்று சட்டங்களைக் காண்கிறோம். உடையவன் வேண்டாமென்று எறிந்தது எடுத்தவனுக்கு ஆகும். தவறவிட்டது ‘லுகதா’, எடுத்தவன் ஊரறியச் சொல்லிப் பாதுகாக்க வேண்டும். ஒப்படைத்தது ‘வதீஆ’, அதாவது அமானிதம். டால்ஃபியின் பேச்சு இம்மூன்றில் எதிற் சேரும்? பதிவுக்கருவி முன்னே இருப்பது தெரிந்துதான் ஹில்வர்சத்தில் வாசித்தார். மறைத்து எடுத்தது எதுவும் இல்லை. பிடிக்க முடியாது என்று அவர் சொன்னது நடப்பைச் சொன்னது. பிடிக்காதே என்று நம்மைத் தடுத்தது அன்று. ஆகவே மாமா அபகரித்தவர் அல்லர் என்றே தீர்மானித்தோம். ஆனால் அவர் நெஞ்சிலிருந்த குற்றவுணர்வும் பொய்யன்று. ஒப்படைத்த பொருளைக் காப்பவன் நாளடைவில் அதைத் தனதென்று எண்ணத் தொடங்குவது போன்ற ஒன்று அது. அடுத்த சுரத்தை முன்கூட்டியே அறியும் கணக்கராக அவர் மாறிய அந்த இடம்.

செலிபிடாக்கேயின் வழக்கு கடினமானது. வாரிசுகளுக்குப் பொருள் சேரும். இறந்தவரின் மறுப்பும் அவர்களுக்குச் சேருமா? வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்றவரின் ‘வேண்டாம்’ என்பதை மகன் ‘சரி’ என்று மாற்றலாமா? மாற்றலாம் என்போரின் வாதம் எளியதன்று. நூறு பேரே கேட்ட நல்லுரையை ஆயிரம் பேர் கேட்கச் செய்வதில் தீங்கென்ன என்று கேட்பார்கள். தம் எழுத்தை எரித்துவிடச் சொல்லிச் சென்ற நூலாசிரியர்களின் ஏடுகளை நண்பர்கள் காத்த கதைகளையும் காட்டுவார்கள். எம் மனம் அப்பக்கம் சாயவில்லை. எழுத்தை எரிக்கச் சொன்னவர், அது நல்லதன்று என்று நினைத்துச் சொன்னார். அதில் அவர் தவறியிருக்கலாம். இவரோ, தட்டில் வருவது தம் இசையே அன்று என்றார். அதையே அவருடைய இசை என்று பெயரிட்டு விற்பது, அவர் சொல்லாததைச் சொன்னதாக ரிவாயத் செய்வதற்கு நெருங்கியது என்று எமக்குப் படுகிறது. இஃது எம் சொந்தக் கருத்து, ஃபத்வா அன்று.

இப்பதிலோடு கடந்த ஷவ்வாலில் மாமாவிடம் சென்றோம். எழுபத்தைந்தைக் கடந்த அவருக்கு வலக்காது ஏறக்குறைய அடைத்துவிட்டது. புல்லாங்குழலின் உச்சச் சுரங்கள் தமக்கு இப்போது நினைவிலிருந்தே வருகின்றன என்றார். நாம் சொன்னதை எல்லாம் இடக்காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். பிறகு அலமாரியின் அடித்தட்டைக் காட்டினார். அந்தப் பதினொரு தட்டுகளும் வெள்ளைத் துணியில் கட்டப்பட்டு, நாம் சொல்வதற்கு முன்பே தனியே கிடந்தன. “விற்கவும் மனமில்லை, உடைக்கவும் மனமில்லை” என்றார்.

கையில் டெரிக் பெய்லியின் கடைசிக் காலப் பதிவு ஒன்று இருந்தது, 2005இல் வெளிவந்தது. கை தளர்ந்து, கிதாரின் மீட்டுவில்லையைப் பிடிக்க இயலாமற் போனதும், அறுவை சிகிச்சையை மறுத்து, வெறும் கட்டைவிரலால் வாசிக்கப் புதிதாகப் பழகினார் பெய்லி. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு வாரங்கள் என்று அந்தப் பழக்கத்தின் படிகளையே பதிந்து வெளியிட்டார். கையில் இருந்தது நரம்பு நோயின் தொடக்கம் என்பது பின்னர்தான் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 25இல் காலமானார். “இதை இப்போதுதான் என்னால் கேட்க முடிகிறது” என்றார் மாமா. முன்பு வாங்கியபோது இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டாராம்.

அன்று மாலை அவருடைய வஸிய்யத்துக்காகத் தட்டுகளின் பட்டியலை எழுத உட்கார்ந்தோம். அவர் உறையைப் பார்த்துப் பெயர் சொல்ல, நாம் வரிசை எண்ணிட்டு எழுதினோம். அறுபத்திரண்டாவதாக ஹில்வர்சம் தட்டு வந்தது. அதைப் பட்டியலில் சேர்க்குமுன் ஒரு முறை போடலாம் என்று முள்ளை வைத்தார். கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் மஃரிபு பாங்கு கேட்டது. எமக்குத்தான் கேட்டது, அவருக்குக் கையைத் தொட்டுச் சொன்னோம். பேச்சு வருமுன் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தொப்பியைத் தேடினார்.